லீவுக் கணக்கைக் கையில் எடுங்கள்!

ஆவடி முதல் அம்பத்தூர் வரையிலும், பட்டாபிராம் முதல் பூந்தமல்லி வரையிலும் இரவு பகலாக இயந்திரங்கள் ஓடுகின்றன. முத்தாபுதுப்பேட்டை, மிட்டனமல்லி, பாலவேடு போன்ற ஊர்களில் ஒரே குடும்பத்தில் ஒருவர் பாக்டரிக்குப் போகிறார். இன்னொருவர் கழனி வேலைக்குப் போகிறார். இவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சென்ற வருஷம் நீங்கள் எத்தனை நாள் வேலை செய்தீர்கள்? அதற்கு எத்தனை நாள் சம்பள லீவு உங்களுக்குச் சேர வேண்டும்?

பெரும்பாலோரிடம் பதில் இராது. ஆனால் டைம் ஆபீசில் பதில் இருக்கிறது. காண்டிராக்டரின் நோட்டுப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. உழைத்தவனுக்குத் தெரியாத கணக்கு உழைப்பை வாங்கியவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனவேதான் லீவு கேட்கப் போகும் தொழிலாளி கடன் கேட்கப் போகிறவனைப் போல மானேஜர் மேஜைக்கு முன்னால் கை கட்டி நிற்க நேருகிறது. "போன மாசம்தானே லீவு எடுத்தாய்?" என்ற ஒரு வார்த்தையில் அவனைத் திருப்பி அனுப்பிவிட முடிகிறது.

இந்த நிலைமை மாற வேண்டும். சம்பள லீவு முதலாளியின் தயவில் வருவதன்று. வேலை செய்த ஒவ்வொரு இருபது நாளிலும் ஒரு நாளாகத் தொழிலாளி சேர்த்து வைத்த கூலியே அது. சேர்த்தவன் கணக்குத் தெரிந்து கேட்க வேண்டும்.

போராடிப் பெற்ற ஓய்வு

ஓய்வு நாள் எதுவும் தானாக வந்ததில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு வாராந்திர லீவே கிடையாது. நாராயண் மேகாஜி லோகாண்டேயின் தலைமையில் அவர்கள் பல வருஷங்கள் மனுக் கொடுத்தும் கூட்டம் போட்டும் போராடிய பிறகே, 1890 ஜூன் 10-ஆம் தேதி மில் முதலாளிகள் ஞாயிறு லீவுக்கு இணங்கினார்கள். சென்னையில் பக்கிங்ஹாம் - கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்கு நடுப்பகலில் சோறு தின்னக்கூடப் போதிய நேரம் தரப்படவில்லை. அந்தக் கொடுமையும் சேர்ந்துதான் 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பிறப்பித்தது. 1923-இல் இதே சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். இன்று மே 1 தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் சம்பளத்துடன் கூடிய விடுமுறை நாள்.

சம்பள லீவின் கதையும் இதுவே. 1936 ஜூன் மாதத்தில் பிரான்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் பாக்டரிகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து, வருஷத்துக்கு இரண்டு வாரச் சம்பள லீவைச் சட்டமாக்கினார்கள். அதே மாதம் ஜெனிவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, குறைந்தது ஆறு வேலை நாள் சம்பள லீவு தர வேண்டும் என்று ஒப்பந்தம் இயற்றியது. வெள்ளைக்காரச் சர்க்கார் 1945-இல் பாக்டரிச் சட்டத்தைத் திருத்தி, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பத்து நாள் லீவு தந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948-ஆம் வருஷப் பாக்டரிச் சட்டம் இருபது நாளுக்கு ஒரு நாள் என்ற விகிதத்தை வகுத்தது. 1954-இல் செய்த திருத்தம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் அந்த உரிமை என்று வரையறுத்தது.

இன்று கணக்கு எப்படி?

மத்திய சர்க்கார் பழைய தொழிலாளர் சட்டங்கள் 29-ஐ நான்கு தொகுப்புகளாகச் சுருட்டி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய 2020-ஆம் வருஷத் தொகுப்பின் 32-ஆவது பிரிவில் லீவுச் சட்டம் இருக்கிறது. தொழிலாளி மனத்தில் பதிய வைக்க வேண்டிய விஷயங்கள் இவை:

ஜனவரி முதல் டிசம்பர் வரை 180 நாள் வேலை செய்திருந்தால் சம்பள லீவுக்கு உரிமை உண்டு. முன்பிருந்த 240 நாள் என்ற வரம்பு இப்போது 180 ஆகக் குறைந்திருக்கிறது. லீவின் விகிதம் பழையபடியே இருபது நாள் வேலைக்கு ஒரு நாள்.

லே-ஆப் நாட்கள், பிரசவ லீவு, எடுத்துக்கொண்ட வருஷ லீவு ஆகிய மூன்றும் 180 நாளை எட்டுவதற்குச் சேரும். ஆனால் அந்த நாட்களுக்காகப் புதிய லீவு சேராது. உதாரணமாக, ஒரு பெண் தொழிலாளி 120 நாள் வேலை செய்து, 26 வாரம் பிரசவ லீவில் இருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 180-ஐத் தாண்டுகிறது. அவளுக்கு உரிமை உண்டு. 120 நாளுக்கு இருபதுக்கு ஒன்று வீதம் ஆறு நாள் லீவு. "நீதான் பாதி வருஷம் வேலைக்கே வரவில்லையே" என்று எந்த மானேஜரும் இதை மறுக்க முடியாது.

லீவுக்கு நடுவிலோ முன்னும் பின்னுமோ ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் வந்தால் அவை லீவுக் கணக்கில் சேரா. வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வியாழன் வரை ஒருவர் ஊருக்குப் போய் வந்தால், ஞாயிறு ஓய்வு நாளாக இருக்கும் பாக்டரியில் அவர் கணக்கில் கழிக்க வேண்டியது ஆறு நாள், ஏழு அல்ல.

அரை நாளும் அதற்கு மேலும் வரும் பின்னம் முழு நாளாகும். அதற்குக் குறைந்தது விட்டுப்போகும். இதுதான் 1948-ஆம் வருஷச் சட்டம் முதல் வந்த முறை. இந்தச் சின்ன விதியில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது, பாருங்கள். 249 நாள் வேலை செய்தவருக்கு இருபதால் வகுத்தால் பன்னிரண்டும் ஒன்பது மிச்சமும் வரும். அவருக்கு 12 நாள் லீவு. 250 நாள் வேலை செய்தவருக்கு பன்னிரண்டரை. அது 13 ஆகிறது. ஹாஜர்ப் புத்தகத்தில் ஒரே ஒரு நாள் விடுபட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது.

இன்னும் கொடியது வரம்புக் கோட்டில் நடப்பது. 180 நாள் வேலை செய்தவருக்கு 9 நாள் லீவு. 179 நாள் என்று புத்தகத்தில் எழுதப்பட்டால் அந்த ஒன்பதும் போச்சு! பழைய சட்டத்தில் 239-க்கும் 240-க்கும் நடுவில் பன்னிரண்டு நாள் லீவு நின்றது. டைம் ஆபீசின் பேனா ஒரு புள்ளியை எங்கே வைக்கிறது என்பதில் தொழிலாளியின் அரை மாதக் கூலி தொங்குகிறது. ஹாஜரை நாமும் எழுதி வைக்க வேண்டும் என்று நாம் சொல்வதன் காரணம் இதுதான்.

மறுத்த லீவு மறையாது

எடுக்காத லீவு அடுத்த வருஷத்துக்கு 30 நாள் வரை போகும். தொழிலாளி முறைப்படி கேட்டு, நிர்வாகம் மறுத்திருந்தால், மறுக்கப்பட்ட லீவுக்கு அந்த முப்பது நாள் வரம்பே கிடையாது. இந்த ஷரத்து பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் இதனால் பலன் அடைந்தவர் எத்தனை பேர்? வாயால் கேட்கிறோம், வாயால் மறுக்கிறார்கள். சாட்சி ஏது? லீவை எழுதிக் கேட்க வேண்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். பழைய சட்டம் பதினைந்து நாள் முன்னதாக மனுக் கொடுக்கச் சொன்னது. திடீர் நோய்க்கு மட்டும் விலக்குத் தந்தது. அந்தப் பழக்கத்தைக் கைவிடாதிருப்பது நல்லது.

வருஷக் கடைசியில் தொழிலாளி கேட்டால் லீவைப் பணமாகத் தர வேண்டும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. முப்பது நாளுக்கு மேற்பட்டதையும் பணமாகப் பெறலாம். நாள் சம்பளம் 600 ரூபாய் பெறுபவருக்கு 36 நாள் சேர்ந்திருந்தால், மேற்பட்ட ஆறு நாளுக்கு 3,600 ரூபாய். வேலையை விட்டு நின்றாலும், நீக்கப்பட்டாலும், 180 நாள் நிறையாவிட்டாலும்கூட, வேலை செய்த நாளுக்கு உரிய லீவுச் சம்பளம் உண்டு. அதை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். தொழிலாளி இறந்துவிட்டால் வாரிசுக்கு இரண்டு மாதத்துக்குள் தர வேண்டும். தாலி இழந்து நிற்கும் பெண்ணுக்கு இந்த விவரத்தைச் சொல்ல எந்த நிர்வாகம் வீடு தேடி வந்திருக்கிறது? அவளுக்குச் சொல்ல வேண்டியது சங்கத்தின் கடமை.

லீவுச் சம்பளத்தில் பஞ்சப்படியை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் தருவது மோசடி. பஞ்சப்படியும் சேர்ந்ததுதான் சம்பளம் என்பது பழைய சட்டத்திலும் உண்டு, புதிய தொகுப்பிலும் உண்டு.

நோயும் அவசரமும்

பாக்டரிச் சட்டத்தில் சிக் லீவு என்று ஒன்று தனியாக இல்லை. நோய்க்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதமும், முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் இதற்குச் செலுத்தப்படுகின்றன. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், அதற்குரிய பலன் காலத்தில் நோய் உதவி கிடைக்கும். வருஷத்துக்கு 91 நாள் வரை, சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம். 600 ரூபாய்க் கூலிக்கு நாளொன்றுக்கு 420 ரூபாய். முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்தத் தடை இல்லை. காச நோய், புற்று நோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீத வீதத்தில் நீடித்த உதவியும் உண்டு. இவை அனைத்துக்கும் டாக்டர் சர்டிபிகேட் அவசியம். காய்ச்சலோடு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தின்று வீட்டில் படுப்பவருக்கு ஒரு காசும் வராது. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய்ச் சீட்டு வாங்க வேண்டும்.

இங்கும் ஏமாற்று நடக்கிறது. சம்பளத்தில் பிடித்த சந்தாவைக் கட்டாத காண்டிராக்டர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஜன்னலில் நிற்கும்போதுதான் தொழிலாளிக்கு அது தெரிய வருகிறது. நோய் வரும் வரை காத்திராமல், சந்தா ஏறுகிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

கேஷுவல் லீவின் நிலை இன்னும் பலவீனமானது. கடை கண்ணிகளில் வேலை செய்வோருக்குத் தமிழ்நாட்டின் 1947-ஆம் வருஷக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 12 நாள் கேஷுவல் லீவும், 12 நாள் நோய் லீவும், ஒரு வருஷம் வேலை செய்த பின் 12 நாள் வருஷ லீவும் தருகிறது. ஆவடி பஜாரில் ஜவுளிக் கடையிலும் பாத்திரக் கடையிலும் நாள் முழுக்க நிற்கும் தம்பி தங்கைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாக்டரித் தொழிலாளிக்கோ இப்படிச் சட்டம் தந்த கேஷுவல் லீவு இல்லை. 1946-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் மத்திய சர்க்கார் வகுத்த மாதிரி நிலையாணை, வருஷத்துக்குப் பத்து நாள் வரை, சம்பளத்துடனோ சம்பளம் இன்றியோ தரலாம் என்று மட்டுமே சொன்னது. சம்பளத்துடன் கேஷுவல் லீவு உள்ள இடங்களில் அதைப் பெற்றுத் தந்தது சங்கமும் ஒப்பந்தமும்தான். பாக்டரிச் சட்டம் சொல்லும் லீவு கீழ்மட்ட அளவு. அதற்கு மேலும் தொழில் தகராறு மன்றம் தீர்ப்பளிக்கலாம் என்று அலெம்பிக் கெமிக்கல் ஒர்க்ஸ் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே கூறியிருக்கிறது. இப்போது நிலையாணை கட்டாயம் என்ற விதியும் 300 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு என்று சுருக்கப்பட்டுவிட்டது. முன்பு அது 100 பேர். அம்பத்தூர் எஸ்டேட்டின் சின்னப் பட்டறைகளில் இனி ஒப்பந்தம் ஒன்றே கேடயம்.

லீவே குற்றமானால்?

சர்க்கார் 240-ஐ 180 ஆக்கியதைப் பறை அடித்துச் சொல்கிறது. அது தொழிலாளிக்கு லாபம்தான், நாம் மறுக்கவில்லை. அந்த லாபத்தைக் கேட்டு வாங்கவும் வேண்டும். ஆனால் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கை என்ன செய்கிறது?

தொழில் உறவுத் தொகுப்பு வேலைநிறுத்தம் என்ற சொல்லுக்குப் புதிய அர்த்தம் எழுதியிருக்கிறது. ஒரே நாளில் ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் சேர்ந்து கேஷுவல் லீவு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாம்! பதினான்கு நாள் நோட்டீஸ் இல்லையென்றால் அது சட்ட விரோதமாம். முன்பு இந்தப் பதினான்கு நாள் நோட்டீஸ் பொது உபயோக சேவைகளுக்கு மட்டுமே இருந்தது; இன்று எல்லாத் தொழிலுக்கும் வந்துவிட்டது. மீறினால் ஆயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறையில் இருபது பேர் ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்டாலும், "கூடிப் பேசிச் செய்தார்கள்" என்று முதலாளி குற்றம் சாட்டலாம். இல்லை என்று நிரூபிக்கத் தொழிலாளி அலைய வேண்டும்.

இதன் ஒத்திகையை ஆவடி முன்பே கண்டிருக்கிறது. 2021-இல் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக மாற்ற மத்திய சர்க்கார் முடிவு செய்தது. பாதுகாப்புத் துறைத் தொழிலாளர் சம்மேளனங்கள் ஜூலை 26 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்தன. உடனே ஜூன் 30-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. பின்னர் அது பாராளுமன்றத்தில் சட்டமானது. கூட்டாகக் கேஷுவல் லீவு எடுப்பதையும் அது வேலைநிறுத்தம் என்று எழுதியது. கலந்துகொண்டால் ஒரு வருஷம் வரை சிறை. தூண்டினால் இரண்டு வருஷம். அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. விஜயந்தா டாங்கியைச் செய்து தந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் அதில் போயிற்று. அன்று டாங்கித் தொழிலாளிக்கு மட்டும் போட்ட விலங்கு, இன்று பிஸ்கட் பாக்டரித் தொழிலாளிக்கும் பஞ்சாலைத் தொழிலாளிக்கும் போடப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் தீப்பற்றும்போது பார்த்துக்கொண்டிருந்தால் தீ நம் கூரைக்கும் வரும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

காண்டிராக்ட் தொழிலாளியும் கழனித் தொழிலாளியும்

லீவுக் கணக்கில் மிக அதிகமாக ஏமாறுகிறவர் காண்டிராக்ட் தொழிலாளி. அதே மெஷின், அதே ஷிப்டு, அதே மேஸ்திரி. ஆனால் சில மாதத்துக்கு ஒருமுறை காண்டிராக்டரின் பெயர் மாறுகிறது, கேட் பாஸ் மாறுகிறது. பெயர் மாறும்போதெல்லாம் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது! 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற தமிழ்நாட்டின் 1981-ஆம் வருஷச் சட்டத்தையும் இதே தந்திரத்தால்தான் ஏய்க்கப் பார்க்கிறார்கள். புதிய தொகுப்போ காண்டிராக்ட் முறைக் கட்டுப்பாட்டை 20 பேரிலிருந்து 50 பேருக்கு உயர்த்தி, காண்டிராக்டருக்கு இன்னும் அகலமாக வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. நிரந்தரத் தொழிலாளிகளே! உங்கள் பக்கத்தில் நின்று அதே வேலை செய்யும் தோழனின் லீவு உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெறாத வரை, உங்கள் லீவும் பத்திரமானதல்ல.

விவசாயத் தொழிலாளியின் நிலைமை இன்னும் மோசம். அவனுக்கு ஹாஜர்ப் புத்தகமே இல்லை. 180 நாளும் தெரியாது, இருபதுக்கு ஒன்றும் தெரியாது. மழை பெய்தால் கூலியில்லை; காய்ச்சல் வந்தால் கூலியில்லை; பிள்ளை பெற்றால் கூலியில்லை. அவனுக்குக் கிடைக்கும் ஓய்வுக்குப் பட்டினி என்று பெயர். தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சம்பள லீவு தந்தது. கேரளம் 1974-இல் விவசாயத் தொழிலாளருக்கென்றே சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்கும் அப்படி ஒரு விரிவான சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக நிற்கிறது. 29 சட்டங்களைச் சுருட்டிய சர்க்காருக்கு இந்த ஒரு சட்டத்தை எழுத நேரம் கிடைக்கவில்லை!

செய்ய வேண்டியது

ஞாயிறும் பண்டிகையும் போக வருஷம் முழுவதும் தவறாமல் வேலைக்கு வரும் தொழிலாளிக்கும் இருபதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பதினாலு பதினைந்து நாளுக்கு மேல் லீவு சேராது. மூன்று வாரமாவது வேண்டும் என்று சர்வதேச ஒப்பந்தம் 1970-லேயே சொன்னது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. 1948-இல் எழுதிய இருபது, இத்தனை லாபம் பெருகிய பின்னும் இருபதாகவே நிற்கிறது. இதை மாற்றுவதே நமது கோரிக்கை: பதினைந்து நாளுக்கு ஒரு நாள் லீவு, எல்லாப் பாக்டரியிலும் சம்பளத்துடன் கேஷுவல் லீவு, காண்டிராக்டர் மாறினாலும் தொடரும் நாள் கணக்கு, கூட்டு லீவைக் குற்றமாக்கும் ஷரத்து ரத்து, விவசாயத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம்.

கோரிக்கைகள் நிறைவேறும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு நோட்டு வாங்கி, வேலை செய்த நாளை அன்றன்றைக்கே குறித்து வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து மெஷின்காரர் எழுதித் தர வேண்டும். சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்த வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் சங்கம் எல்லா உறுப்பினர்களின் கணக்கையும் டைம் ஆபீஸ் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் வந்தால் தனி ஆளாகப் போகாமல் சங்கத்தின் பெயரால் எழுதிக் கேட்க வேண்டும். பதில் இல்லையேல் தொழிலாளர் துறை அதிகாரியிடம் கொண்டுபோக வேண்டும். பண்ணைகளிலும் இதையே தொடங்கலாம்: கொத்துக்கு ஒரு நோட்டு, வேலை நாளும் கூலியும் அதில்.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபை நிறைவேற்றியபோது எல்லாச் சங்கங்களும் ஒன்றாக எதிர்த்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஒற்றுமைக்கு முன்னால் சட்டசபையின் முடிவே திரும்பியது. டைம் ஆபீஸ் கணக்குத் திரும்பாதா? நோட்டை எடுங்கள், இன்றைய தேதியிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.